மடிமண்

சுனைப்பேரியில் எலுமிச்சை மரம் முதன்முதலாக மண்ணை விட்டுக் கிளம்பியது புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆவுடையப்பன் தோட்டத்தில், வடக்கு வரிசையில் நாலாவது மரம். அவர் வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பியபோது அது தரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. இலையெல்லாம் பச்சையாக, காயெல்லாம் காயாக, அடியில் மட்டும் வேர் என்ற பேருக்குக் கறுப்பாய்க் கூழாய் நாலு துண்டு தொங்க, அதிலிருந்து புளித்த கஞ்சி வாடை அடித்தது. வேர் அழுகிப்போன மரத்துக்கு மண்ணோடு என்ன பேச்சு, கிளம்பிவிட்டது. ஆவுடையப்பன் ஊருக்கு நியாயம் பேசுகிற மனிதர், எதற்கும் பதறாதவர். மாட்டை அவிழ்த்துவிட்டு, அந்தக் கயிற்றை மரத்தின் தூரில் சுருக்குப் போட்டு, மறு நுனியைத் துவைக்கிற கல்லில் கட்டிவிட்டு, மாட்டைப் பிடிக்கப் போனார்.

பார்க்க வந்த கூட்டத்தில் முப்பிடாதியும் இருந்தாள். நாற்பத்தோரு மரத்துக்காரி, ஐம்பது வயது, சொள்ளமுத்துவின் பெண்டாட்டி. எல்லாரும் அண்ணாந்து மரத்தைப் பார்க்க, அவள் மட்டும் குனிந்து பள்ளத்தைப் பார்த்தாள். பள்ளத்துத் தண்ணீர் கசிந்து அடுத்த பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குத் தன் நாற்பத்தொன்று ஞாபகம் வரவில்லை. கீழ்வயல் ஓரத்தில் நிற்கிற பதினெட்டுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பதினெட்டும் அவள் புருசனின் தங்கச்சி கோமதியுடையவை.

கோமதி பதினோரு வருசம் ஒருத்தனோடு குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினவள். ஏன் வந்தாய் என்று முப்பிடாதி கேட்கவில்லை, தட்டை எடுத்து வைத்தாள். ஊர்தான் கேட்டது, நேரே கேட்டால் பரவாயில்லை, குழாயடியில் குடம் நிறைகிற நேரத்தில் வேறு யாரையோ கேட்கிற மாதிரி கேட்டது. முப்பிடாதி புருசனோடு மூன்று நாள் பேச்சை நிறுத்தி, கீழ்வயல் ஓரத்துத் துண்டு நிலத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தாள். கோமதி அதில் பதினெட்டு கன்று வைத்தாள், நாலு வருசம் இடுப்பில் குடம் வைத்துச் சுமந்து ஊற்றினாள், இந்த வருசம்தான் முதல் பூ பூத்திருந்தது. இந்த உலகத்தில் தன்னுடையது என்று அவள் கை காட்டுவதற்கு அந்தப் பதினெட்டும் டிரங்குப் பெட்டியும்தான் இருந்தன.

ஐப்பசி முடிவதற்குள் ஊரில் எழுபது மரம் கிளம்பிவிட்டது, ஊரும் அதற்குத் தக்கபடி இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டது. மாட்டுக் கயிறு, கிணற்றுக் கயிறு, தூளிக் கயிறு என்று கீழே கிடந்த கயிறெல்லாம் மேலே போயிற்று, பிள்ளை பெற்றவர்கள் தூளி கட்ட வழியில்லாமல் மடியிலேயே போட்டு ஆட்டினார்கள். கிளம்பின மரம் உடனே சாவதில்லை. நாலு மாசம், அஞ்சு மாசம் பச்சை மாறாமல் நிற்கும், சாகப்போகிற அவசரத்தில் கொத்துக் கொத்தாய்க் கோலிக்குண்டு அளவில் காய்க்கும், கயிற்றைப் பிடித்து இழுத்தால் இறங்கி வரும், ஏணி வேண்டாம், முள்ளுக்குள் தலையைக் கொடுக்கவேண்டாம், அதனால் பறிக்கிற பெண்கள் கிளம்பின மரம் உள்ள தோட்டத்துக்கே வேலைக்கு வரப் பிரியப்பட்டார்கள். காற்று திரும்பினால் மரம் அடுத்தவன் வரப்புக்கு மேலே போய் நின்று நிழலையும் காயையும் அங்கே போட்டது. வழக்கு வந்தபோது, கயிறு எவன் கல்லில் இருக்கிறதோ அவன் மரம், விழுந்த காய் விழுந்த இடத்துக்காரனுக்கு என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னார். லைன்மேன் வந்து, மின்கம்பிக்குப் பக்கத்தில் மரத்தை மேயவிடாதீங்க என்று வீடு வீடாய்ச் சொல்லிவிட்டுப் போனான். கிராம நிர்வாக அலுவலர் தன் பதிவேட்டில் ஒரு கோடு போட்டு, நிலத்தில் நிற்பவை, நிலத்துக்கு மேல் நிற்பவை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டார். தெற்குத் தெருக் கல்யாணத்தில் பந்தலே போடவில்லை, ஆறு மரத்தை இழுத்து வந்து வாசலில் கட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை இலையில் எலுமிச்சம்பூ விழுந்ததை நல்ல சகுனம் என்று பேசிக்கொண்டார்கள். காற்று பலத்தால் கயிறு அறுந்து மரம் மலைப்பக்கம் போய்விடும். போனது போனதுதான், அதன் பின்னால் யாரும் ஓடிப் பார்க்கவில்லை.

கார்த்திகை முதல் வாரம் தோட்டக்கலை ஆபீசர் வந்தாள். திலகா என்று பேர், ஈரோட்டுப் பக்கத்துப் பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். கட்டிப்போட்ட மரங்களைச் சுற்றிவந்து பார்த்தாள், கையில் இருந்த படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் 'இதர' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டாள், பிறகு பிள்ளையார் கோவில் முன்னால் ஊரை உட்காரவைத்துப் பேசினாள்.

"மேல போனதப் பாக்காதீங்க, கீழ இருக்கறதப் பாருங்க. இது வேரழுகலுங்க. பூஞ்சாணம் மண்ணுலதான் இருக்குது. கிளம்பின மரத்தையெல்லாம் எரிச்சிருங்க, பள்ளத்துல சுண்ணாம்பப் போட்டு வெயில்ல காயவிடுங்க. நிக்கற மரத்துக்குத் தூர்ல மண்ணு அணைக்காதீங்க, தண்ணி தூரத் தொடக் கூடாது. ஒரு பாத்தித் தண்ணி இன்னொரு பாத்திக்குப் போகவே கூடாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சுத் தூருக்குப் பூசுங்க. டிரைக்கோடெர்மாவ எருவுல கலந்து வையிங்க. முக்கியமா, மண்ணு எதுலயும் ஒட்டிக்கிட்டு எடம் மாறக் கூடாது. மம்பட்டி, கூடை, கடப்பாரை, போட்டிருக்கற செருப்பு, எல்லாத்தையும் மருந்துத் தண்ணியில முக்கி எடுத்துட்டு உள்ள போங்க."

செருப்பு என்றதும் கூட்டம் சிரித்துவிட்டது. எலுமிச்சைத் தோட்டத்துக்குள் செருப்புப் போட்டு நுழைகிறவன் சுனைப்பேரியில் இன்னும் பிறக்கவில்லை. முள் ஏறி வீங்கினாலும் சரி, படலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள், அது சாமி இடம் மாதிரி. ஆகவே அந்த ஒரு விதி ஆபீசர் அம்மாவின் பூட்ஸுக்கு என்று விட்டுவிட்டு, மீதியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு எழுந்து போனார்கள். முப்பிடாதியும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

அப்படி மனப்பாடம் பண்ணினதில் ஒன்றுதான் தொண்டையில் சிக்கியது. சுனைப்பேரியில் கன்று வைத்து முதல் காய் பிடிக்கிற வருசம், அந்தக் குடும்பத்து மூத்த பெண் தன்னுடைய ஆக வயசான மரத்தின் தூரிலிருந்து ஒரு கை மண் எடுத்து, மடியில் கட்டி, வெறுங்காலோடு நடந்து போய்ப் புதுத்தோட்டத்து முதல் மரத்தின் தூரில் போடவேண்டும். மடிமண் என்று அதற்குப் பேர். போட்டால் அந்தத் தோட்டம் அந்த வீட்டோடு சேர்ந்தது. போடாவிட்டால் ஊர் சண்டைக்கு வராது; வாய்க்கால் தண்ணீருக்கு முறை கேட்டுப் போய் நின்றால், நீ யாரு வீட்டாளுமா என்று ஒரு வார்த்தை கேட்கும். தண்ணீர் வீட்டுக்கு வீடுதான், ஆளுக்கு ஆள் கிடையாது. எத்தனை தலைமுறையாக எத்தனை பேர் மடியில் ஏறி, மஞ்சள் குங்குமத்தோடு, குலவையோடு அந்தப் பூஞ்சாணம் ஊரைச் சுற்றி வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. ஆபீசர் சொன்னது மம்பட்டி மண், இது மடிமண், இரண்டும் ஒன்றா என்றார்கள்.

முப்பிடாதியின் ஆக வயசான மரம் கிணற்றுமேட்டில் நின்றது. ஆபீசர் வந்துபோன மூன்றாம் நாள் அவள் அதில் சாய்ந்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது மரம் அசைந்தது. ஆடுகிற பல் அசைகிற மாதிரி அசைந்தது. குனிந்து பார்த்தால் தூரில் பிசின் வடிந்து, பட்டை விரலோடு வந்தது, அதே கஞ்சி வாடை. சுற்றுமுற்றும் பார்த்தாள், யாரும் இல்லை, கனமான கல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, மரம் கிளம்பிவிடாதபடி கவட்டையில் தூக்கி வைத்தாள். மறுநாள் இன்னும் இரண்டு வைத்தாள். யாராவது கேட்டால் கிளை விரிகிறதற்கு வைத்திருக்கிறேன் என்றாள்.

சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். தாய்மரம் அழுகிவிட்டது என்று சொன்னால் எரிக்கவேண்டும், எரித்தால் மடிமண் இல்லை, கோமதிக்குத் தண்ணீர் இல்லை. சொல்லாமல் மண்ணை எடுத்துக் கொடுத்தால் கோமதிக்கு மரம் இல்லை. இந்தப் பக்கம் போனாலும் இடி, அந்தப் பக்கம் போனாலும் இடி. கோமதி இதொன்றும் அறியாமல் ஒரு மத்தியானம் முறத்தில் ஏழு பிஞ்சுக் காயோடு வந்து நின்றாள்.

"மதினி, காய் பிடிச்சிட்டு. வார வெள்ளிக்கிழம மடிமண் போட்டுருங்க. பொம்பளையளுக்குச் சொல்லிரவா?"

முப்பிடாதி காயைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே, "ஆபீசரம்மா மண்ணு எடம் மாறக் கூடாதுன்னு சொன்னாங்கல்லா" என்றாள்.

கோமதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் முப்பிடாதியும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பாள். "சரி மதினி, வேண்டாம்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள், டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் இறங்கின அன்றைக்கு எப்படி நடந்தாளோ அதே நடை.

"ஏளா, நில்லு. வேண்டாம்னு எவ சொன்னா? வெள்ளிக்கிழம போடுதேன். சொல்லிரு எல்லாருக்கும்."

அன்றைக்கே ஆபீசருக்குப் போன் போட்டாள். "ஏம்மா, மண்ண வறுத்தா அந்தப் பூசணம் செத்துருமா?"

"சாகுமுங்க. நல்லாச் சூடேறணும், அரை மணி நேரமாச்சும். எவ்வளவு மண்ணு?"

"ஒரு கை."

"ஒரு கை மண்ண வச்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

முப்பிடாதி போனை வைத்துவிட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் தாய்மரத்துத் தூரிலிருந்து ஒரு கை மண் எடுத்து வந்து, தோசைக்கல்லில் பரப்பி, அடுப்பை எரியவிட்டு வறுத்தாள். சொள்ளமுத்து சாப்பிட வந்தவர் அடுப்படியில் எட்டிப் பார்த்தார்.

"என்னளா வறுக்க?"

"மண்ணு."

"உப்பு போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டு அவர் கைகழுவப் போனார். அவள் சொல்லத்தான் நினைத்தாள். அவர் வயிற்றில் எந்த இரகசியமும் ஒரு பொழுது தங்காது என்பதால் விட்டுவிட்டாள். அரை மணிக்கு ஒரு மணி நேரம் வறுத்தாள். மண் நிறம் மாறிச் செங்கல்பொடியாய் ஆயிற்று. ஆறவைத்து வாழை இலையில் பொட்டலமாய்க் கட்டிக் கொண்டுபோய், தாய்மரத்துத் தூரில் சருகுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். தன் தோட்டத்துத் தண்ணீர் கோமதி பாத்திக்கு இறங்காமல் ஏற்கெனவே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி மறித்திருந்தாள். மம்பட்டியை மருந்துத் தண்ணீரில் முக்கினாள், கூடையை முக்கினாள், கடப்பாரையை முக்கினாள். இதற்கு மேல் ஒரு மனுசி என்ன செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாய்ச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெண்கள் இருபது பேர் படலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தாய்மரத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றார்கள். மூத்தவளைத் தவிர வேறு யாரும் அந்த நேரத்தில் தூருக்குப் பக்கத்தில் வரக் கூடாது. முப்பிடாதி சேற்றில் இறங்கி, மரத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, குனிந்து, சருகைக் குச்சியால் ஒதுக்கி, பொட்டலத்தைப் பிரித்து, சோப்புப் போட்டுக் கழுவின கையால் வறுத்த மண்ணை அள்ளி மடியில் கட்டினாள். ஒரு பருக்கை அழுகல் மண் கையில் படவில்லை. குலவை சத்தத்தோடு எல்லாரும் அவள் பின்னால் கீழ்வயலுக்கு நடந்தார்கள். கோமதி புதுச் சேலை கட்டி முதல் மரத்துப் பக்கத்தில் நின்றாள், ஒல்லியான மரம், அதில் பதினாலு காய். முப்பிடாதி மடியை அவிழ்த்துத் தூரில் மண்ணைப் போட்டாள். போட்டு முடித்து நிமிர்ந்ததும் கோமதி சடாரென்று அவள் காலில் விழுந்தாள்.

இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதில் வைத்து அழுதாள் கோமதி. முப்பிடாதி குனிந்து தூக்கப் போனபோதுதான் தன் காலைப் பார்த்தாள். கணுக்கால் வரை சேறு. விரல் இடுக்கெல்லாம் கிணற்றுமேட்டுக் கறுப்பு மண், வழியெல்லாம் உதிர்ந்தது போக மிச்சம் அப்படியே அப்பியிருந்தது. கோமதி எழுந்தாள், அந்தச் சேற்றுக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அதே கையால் முதல் மரத்துத் தூரைத் தட்டிக் கொடுத்தாள், பிறகு இரண்டாவது, மூன்றாவது, பதினெட்டு மரத்தையும் ஒவ்வொன்றாய்ப் போய்த் தொட்டுத் தடவிக் கும்பிட்டாள். சொல்லியிருக்கலாம் முப்பிடாதி. நிறுத்துளா என்று ஒரு வார்த்தை. ஆனால் எதைச் சொல்ல, மரம் அழுகினதைச் சொல்லவா, மண்ணை வறுத்ததைச் சொல்லவா, இது மடிமண்ணே இல்லை என்று இருபது பேர் முன்னால் சொல்லவா? கோமதியின் முகம் அன்றைக்கு அப்படி இருந்தது, பதினைந்து வருசத்தில் யாரும் பார்த்திராத முகம். பொரிகடலை கொடுத்தார்கள், முப்பிடாதி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் கீழ்வயலே கதி என்று கிடந்தாள். மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றினாள், டிரைக்கோடெர்மாவை எருவில் கலந்து மரத்துக்கு ஒரு கூடை வைத்தாள், வேப்பம்புண்ணாக்கு வைத்தாள், வடிகால் வெட்டினாள், தூரைச் சுரண்டிப் பசை பூசினாள், முப்பிடாதியம்மன் கோவிலுக்கு மாவிளக்கு எடுத்தாள். திலகா இரண்டு தரம் வந்து பார்த்து, நல்லாத்தான் பண்ணிருக்கீங்க, ஆனா உள்ள எறங்கிடுச்சுன்னா நம்ம கையில இல்லீங்க என்றாள். முப்பிடாதி காலை மருந்துத் தண்ணீரில் முக்கி முக்கி, தோல் உரிந்து நீலம் பாரித்துவிட்டது. மதினி தனக்காகப் படுகிற பாட்டைப் பார்த்து, கோமதி நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து அந்தக் காலில் தடவிவிட்டாள். தைமாசம் கிணற்றுமேட்டுத் தாய்மரம் கவட்டையில் இருந்த மூன்று கல்லோடு கிளம்பிற்று. அதற்குப் பின் வரிசையாய் நாற்பதும் கிளம்பின. சொள்ளமுத்து கயிறு தேடி அலைந்தார். முப்பிடாதி அதில் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் விடிந்ததும் கீழ்வயலுக்கு ஓடி, பதினெட்டும் மண்ணில் நிற்கிறதா என்று தூரில் கைவைத்துத் தடவிப் பார்த்தாள்.

தண்ணீர் முறையில் கோமதிக்குத் தடை வரவில்லை. வீட்டோடு சேர்ந்த தோட்டம், புதன்கிழமை காலை அவள் முறை, ஆவுடையப்பனே மடையைத் திறந்துவிட்டார். அவள் அந்தத் தண்ணீரைப் பதினெட்டு பாத்திக்கும் தனித்தனியாய்க் குடத்தில் மொண்டு ஊற்றினாள்.

பங்குனி பாதியில் கோமதியின் முதல் மரம் கிளம்பியது. அந்த வாரத்துக்குள் பதினெட்டும் கிளம்பிவிட்டன. ஊரில் கயிறு கிடையாது, அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து கல்யாணச் சேலையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து நீளவாக்கில் கிழித்து முறுக்கிக் கட்டினாள். முப்பிடாதி போனபோது மரமெல்லாம் தலைக்கு மேலே கலர் கலராய்க் கட்டப்பட்டு நின்றன, கீழே பதினெட்டுப் பள்ளம், சுண்ணாம்பு போட்டு வெள்ளையாய். கோமதி வரப்போரமாய், பள்ளத்துக்கெல்லாம் தள்ளி, புதிதாய் மண்ணை மேடாக்கி இரண்டு சின்னக் கன்று வைத்திருந்தாள்.

"ஆபீசரம்மா குடுத்தாங்க மதினி. அழுகல் தாங்குத வேர்ல ஒட்டுக் கட்டினதாம்" என்றாள். பிறகு மேலே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஊருல எல்லாருக்கும் மரம் முன்னாலேயே போயிட்டு. எனக்குத்தான் கடேசி. நீங்க மடிமண் போட்டதாலதான் இம்புட்டு நாளு நின்னுச்சு."

முப்பிடாதிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. வைதிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நான்தாளா கொண்டாந்தேன்" என்றாள். "தாய்மரம் அழுகியிருந்துச்சு. எனக்குத் தெரியும். மண்ண வறுத்துப் போட்டேன். ஆனா காலு கழுவல. எங் கால்ல ஒட்டிக்கிட்டு வந்துட்டு. நீ விழுந்து தொட்டே. அந்தக் கையாலதான் எல்லா மரத்தையும் தொட்டே. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

கோமதி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு நீலம் பாரித்த காலைப் பார்த்தாள், எண்ணெய் தடவித் தடவித் தனக்குப் பழகின கால்.

"போங்க மதினி. வெயில்ல அலைஞ்சு கண்டதையும் பேசுதீங்க. உங்க கால்ல என்ன வரும்" என்றாள். சொல்லிவிட்டுக் கன்றுப் பக்கத்திலிருந்து கல்லை ஒதுக்கி இடம் பண்ணினாள். "இங்க வாங்க, இதுக ரெண்டையும் ஒருவாட்டி சுத்தி வந்துருங்க. மண்ணுகூட வேண்டாம். உங்க காலு பட்டாப் போதும்."

"வேண்டாம்ளா."

"ஒரு எட்டு வைங்க மதினி."

கோமதி கையைப் பிடித்து இழுத்தாள். முப்பிடாதி காலைப் பின்னுக்கு வைத்தாள், அது சுண்ணாம்புப் பள்ளத்து விளிம்பில் பட்டது, சட்டென்று எடுத்துவிட்டாள். முன்னால் வைத்தால் கன்று. பக்கத்தில் வைத்தால் கன்றுக்கு வெட்டின வாய்க்கால். மேலே சேலைக் கயிற்றில் பதினெட்டு மரமும் காற்றுக்கு லேசாய் அசைந்துகொண்டிருந்தன. தூக்கின காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், கோமதியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.